கிழிந்த கிஸ்ரா

பத்தூல் பாபிக்கருக்கு ஐம்பத்திரண்டு வயது. சூடானில், ஓம்துர்மான் நகரத்து வத் நுபாவிப் பேட்டையில் பிறந்து, அங்கேயே வாக்கப்பட்டு, அங்கேயே கணவனை அடக்கம் செய்து, அங்கேயே தானும் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று இருந்தவள். சண்டை வந்து கூரை இறங்கிவிட்டதால் இப்போது கெய்ரோவில், ஃபைசல் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில், தரைத்தளத்து ஒன்றரை அறையில் இருக்கிறாள். கூட இருப்பது கணவனின் தங்கை இஹ்சானும், இஹ்சானின் ஒன்பது வயது மகள் ரிமாஸும். இஹ்சானின் புருஷன் இவர்களை எல்லை வரை கொண்டுவந்து விட்டு, வீட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று திரும்பியவன். ஒன்றரை வருடமாகத் தகவல் இல்லை.

வந்து ஒரு வருடம் கழித்து மூவருக்கும் சேர்த்து ஒரு மஞ்சள் அட்டை கிடைத்தது. அடைக்கலம் கேட்டிருக்கிறார்கள், முடிவு இன்னும் ஆகவில்லை என்பதற்கு அதுதான் அத்தாட்சி. முடிவுக்கான நேர்காணல் தேதியை அட்டையின் பின்பக்கம் எழுதியிருந்தார்கள். இரண்டு வருடம் தள்ளி ஒரு புதன்கிழமை. அதுவரை எதைத் தின்று எங்கே படுப்பது என்பதற்கு அட்டையில் இடமில்லை. அதற்கு அகதிகள் அலுவலகத்தில் தனி விண்ணப்பம் போடவேண்டும். கிடைத்தால் மாதாமாதம் தபால் ஆபீஸில் ஒரு தொகை வரும். ஆனால் கொடுப்பதற்கு முன்னால் ஆள் அனுப்பி வீட்டைப் பார்ப்பார்கள். நிஜமாகவே இல்லாதவர்களா, இல்லாதவர்கள்போல் நடிப்பவர்களா என்று பார்க்கத்தான்.

பத்தூலின் வருமானம் கிஸ்ரா சுடுவது. சோள மாவை இரண்டு நாள் புளிக்கவைத்து, சூடான தகட்டில் ஊற்றி, ஓலைச் சில்லால் ஒரே இழுப்பில் காகிதம்போலப் பரத்தி, ஓரம் முறியாமல் உரித்தெடுக்கவேண்டும். தோசைக்கல்லோடு மல்லுக்கட்டியவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. மாவு தெருமுனையில் இருக்கும் சூடானியக் கடைக்காரருடையது. கூலி மட்டும் இவளுக்கு. தினம் அறுபது எண்ணி வாங்குவார். கிழிந்திருந்தால் தொடமாட்டார்.

கிழிந்ததெல்லாம் பத்தூல் வயிற்றுக்குப் போகிறது என்பதுதான் வீட்டில் பேச்சு. மதியம் இரண்டு மணிக்கு இஹ்சானும் ரிமாஸும் தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்தால் இவள் வரமாட்டாள்.

"அண்ணி, ஒக்காருங்களேன்."

"நான் அடுப்படியிலயே முடிச்சிட்டேன். நாலஞ்சு கிழிஞ்சு போச்சு."

"இன்னிக்குமா? முப்பது வருசமா சுடுறீங்க, இன்னும் கை நிக்கலியே! எங்கண்ணன் எப்படித்தான் உங்ககிட்டக் குடித்தனம் பண்ணினாரோ. அறுபது சுட அறுபத்தஞ்சுக்கு மாவு கரைக்கிற பொம்பள உலகத்துலயே நீங்க ஒருத்திதான்."

பத்தூல் சிரித்துவிட்டுச் சர்க்கரை போட்ட தேநீரோடு வாசலுக்குப் போய்விடுவாள். இஹ்சானுக்கு நாக்கு நீளம். மனசில் ஒன்றும் இல்லை. அதோடு சர்க்கரை வியாதி வேறு. மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் கை நடுங்கி, பேச்சுக் குழறி, தரையில் சரிந்துவிடுவாள். ஒரு தடவை அப்படிச் சரிந்து, இந்தச் சந்தே கூடிவிட்டது.

விண்ணப்பம் போட்டு ஐந்து மாதம் கழித்துத் தொலைபேசி வந்தது. செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு ஓர் ஊழியர் வீட்டுக்கு வருவார் என்றார்கள். இஹ்சான் அன்றைக்கே பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

"நல்லாக் கேட்டுக்கங்க அண்ணி. காத்தாடிய மூணாம் மாடி அவாதிஃப் வீட்டுல கொண்டுபோய் வச்சிருவோம். தலகாணியும் அங்கயே. தரையில ஒரு பாய் போதும். நீங்க பழைய உடுப்போட ஒக்காந்திருங்க. தேத்தண்ணி கீத்தண்ணின்னு எதையும் ஆரம்பிச்சிராதீங்க."

"மொத மொதலா ஒருத்தி நம்ம வாசப்படி ஏறுறா. அவளுக்கு ஒரு வாய்த் தண்ணி குடுக்கக்கூடாதா? உயிர எடுக்க மலக்கு வந்தாக்கூட நான் ஒக்காரச் சொல்லிட்டுத்தான் என்ன விசயம்னு கேப்பேன்."

"அவ விருந்தாளி இல்ல. நம்மள வேவு பாக்க வர்றவ."

"வாசல்ல செருப்பக் கழட்டுற எல்லாரும் விருந்தாளிதான். நீ சும்மா இரு."

இந்த இடத்தில்தான் காரியம் கெட்டது. பத்தூல் வெறும் தேநீரும் கொஞ்சம் சந்தனச் சாம்பிராணியும் என்று மட்டும்தான் நினைத்திருந்தாள். ஆனால் திங்கட்கிழமை சாயங்காலம் ரிமாஸ் மாடிப்படியில் விளையாடும்போது, எங்கள் வீட்டுக்கு நாளைக்கு விருந்தாளி என்று சொல்லிவிட்டது. அந்தக் கட்டடத்தில் ஆறு வீடு ஓம்துர்மான்காரர்கள். அந்த ஊரில் ஒரு வீட்டுக்கு விருந்தாளி வந்தால் தெருவுக்கே வந்தமாதிரி. அவரவர் வீட்டுத் தட்டு அந்த வீட்டுக்குப் போகும். குண்டு விழுந்து, பாலைவனம் தாண்டி, கெய்ரோவில் சிக்கனமாகப் பிழைத்தாலும் அந்தப் பழக்கத்தை யாரும் எல்லையில் விட்டுவிட்டு வரவில்லை.

செவ்வாய் காலை மூன்றாம் மாடி அவாதிஃப் முதலில் வந்தாள். பின்னால் அவள் மகன்கள் இருவர் சிவப்புச் சோபாவைச் சுமந்துகொண்டு வந்தார்கள்.

"விருந்தாளி வர்றாங்கன்னு ஊரே சொல்லுது. என்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா நீ? எங்கள மதிக்கிறியா இல்லியா?"

அவள் கையில் ஆட்டுக்கறி. அதற்குப் பிறகு பொரித்த மீன், பொடித்த வெண்டைக்காய்க் குழம்பு, கடலைச் சாந்து கலந்த சாலட், பால் சோறு. பூப்போட்ட பீங்கான் தட்டுகள் ஐந்து வரிசையாக வந்து உட்கார்ந்தன. இஹ்சான் தலையில் கைவைத்துக்கொண்டாள். பத்தூலுக்கோ உள்ளூரப் பெருமை. ஒன்றரை வருடத்துக்குப் பிறகு வீடு வீடுமாதிரி இருந்தது. ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த ஒரே நல்ல தவ்ப்பை, நாலரை மீட்டர் ஊதாத் துணியை, தலையிலிருந்து சுற்றிக்கொண்டு வாசலில் நின்றாள்.

வந்தவள் நெர்மீன் என்று ஓர் எகிப்தியப் பெண். இருபத்தாறு வயது இருக்கும். கழுத்தில் அட்டை, கையில் தொடுதிரைப் பலகை. உள்ளே வந்து சோபாவைப் பார்த்தாள், தட்டுகளைப் பார்த்தாள், மூக்கில் சந்தனப் புகை ஏற நின்றாள்.

"உக்காரு மகளே. மொதல்ல கொஞ்சம் சாப்பிடு."

"மன்னிச்சிருங்கம்மா. எதுவும் வாங்கிக்கக் கூடாதுன்னு எங்களுக்கு விதி."

"ஒரு டம்ளர் பழரசமாச்சும்?"

"தண்ணி பாட்டில் என்கிட்டயே இருக்கும்மா."

பத்தூலுக்கு முகம் சுண்டிவிட்டது. அவள் வாழ்க்கையில் வீட்டுக்கு வந்த யாரும் சொந்தத் தண்ணீர் கொண்டுவந்ததில்லை. இந்த அடியோடுதான் அவள் கேள்விகளுக்கு உட்கார்ந்தாள்.

"போன ஒரு வாரத்துல கறி, மீன் எத்தன நாள் சாப்பிட்டீங்க?"

ஐந்து தட்டும் ஆவி பறக்க எதிரே இருக்கின்றன. என்ன சொல்வது? "அல்லா குடுத்தான்" என்றாள்.

"சாப்பாட்டுக்காக அக்கம் பக்கத்துல கடன், கைமாத்து?"

"இதுவரைக்கும் யார்கிட்டயும் கையேந்தினதில்ல."

"வீட்டுல பெரியவங்க யாராச்சும் தன் சாப்பாட்ட விட்டுட்டு மத்தவங்களுக்குக் குடுத்தாங்களா? எத்தன நாள்?"

இஹ்சான் பக்கத்தில் உட்கார்ந்து தவ்ப்பின் மறைவில் அவள் தொடையைக் கிள்ளினாள். வந்தவளிடம், அதுவும் முதல் நாளே, எங்கள் வீட்டில் பட்டினி என்று சொல்வதா? அதைவிடத் தெருவில் தவ்ப்பை அவிழ்த்துப் போட்டுவிடலாம்.

"ஒரு நாளும் இல்ல மகளே. நெறஞ்சு கெடக்குறோம்."

நெர்மீன் சுழியத்தைத் தொட்டாள். நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டாள். அவள் மேல் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் எழுதினாள்.

அந்தத் தட்டுகளை வைத்து மூன்று நாள் வீடு நன்றாகச் சாப்பிட்டது. அந்த மூன்று நாள் மட்டும் பத்தூலும் தாம்பாளத்தில் உட்கார்ந்தாள். ஒன்றரை மாதம் கழித்துக் குறுஞ்செய்தி வந்தது: உங்கள் குடும்பம் தற்போது உதவிப் பட்டியலில் சேர்க்கப்படவில்லை. இஹ்சான் அதை மூன்று தடவை சத்தமாகப் படித்தாள்.

"நெறஞ்சு கெடக்குறோமாம்! கேட்டுக்கங்க எல்லாரும். ஆட்டுக்கறி பேசினப்புறம் ஏழ பேச்சு அம்பலம் ஏறுமா? சோபா வேற! அதுல அவ ஒக்காரக்கூட இல்ல."

"கத்தாத. உனக்குச் சர்க்கர ஏறும்."

"ஏறட்டும். மருந்து வாங்கக் காசு இல்லாதப்ப ஏறினா என்ன, எறங்கினா என்ன?"

 தப்பு தன்னுடையது என்று பத்தூலுக்குத் தெரியும். ஆனால் திரும்ப அந்த நாள் வந்தால் வேறுமாதிரி நடந்துகொள்வாளா என்பது சந்தேகம்தான்.

பூப்போட்ட ஐந்து தட்டுகளையும் கழுவித் துடைத்து அலமாரி உச்சியில் அடுக்கி வைத்தாள். வெறும் தட்டைத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் அவள் ஊரில் இல்லை. நிரப்பிக் கொடுக்க வீட்டில் ஒன்றும் இல்லை. தட்டுக்காரர்களும் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். படியில் அவாதிஃபைப் பார்க்கும்போதெல்லாம் பத்தூல் செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டாள்.

மறு ஆய்வு கேட்டு எழுதலாம் என்றார்கள். அலுவலக வாசலில் காலையிலிருந்து கால்கடுக்க நின்று எழுதிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு நோன்பு வந்தது, பெருநாள் போனது, கோடை ஏறியது. வீட்டுக்காரர் இரண்டு மாத வாடகை பாக்கிக்கு வந்து நின்றார். மூன்றாவது மாதம் சாமானை வெளியே வைத்துவிடுவேன் என்றார். நல்ல மனிதர், அதைக்கூடக் குரல் உயர்த்தாமல்தான் சொன்னார். இஹ்சான் ஊருக்குத் திரும்பும் பேருந்தில் பெயர் கொடுத்துவிடலாம் என்று அழுதாள். ஓம்துர்மானில் கூரை இல்லை, மருந்து கடைகளில் இல்லை. அங்கே போனால் இஹ்சான் இரண்டு மாதம் தாங்கமாட்டாள் என்று பத்தூலுக்குத் தெரியும். ஆக எல்லாம் அந்தத் தொகையில் வந்து நின்றது. கிடைத்தால் வாடகையை ஒப்பேற்றி, முடிவு வரும்வரை இந்த ஒன்றரை அறையில் இருக்கலாம்.

கோடை நடுவில் மறுபடி தொலைபேசி வந்தது. இந்த வாரத்தில் ஏதாவது ஒரு நாள் வருவோம் என்றார்கள். எந்த நாள் என்று சொல்லவில்லை.

இந்தத் தடவை இஹ்சான் யாரையும் நம்பவில்லை. ரிமாஸின் வாயைக் கட்ட அவளைக் குரான் மேல் சத்தியம் செய்யவைத்தாள். காற்றாடி, தலையணை, கண்ணாடி, கதவுத் திரை எல்லாம் மாடிக்குப் போயின. ஞாயிறு முதல் புதன் வரை மூன்று பேரும் வேர்த்து வழிந்துகொண்டு வெறும் பாயில் உருண்டார்கள். ஏழையாக நடிக்கும் நிஜ ஏழைகளைப் பார்க்கவேண்டுமானால் அந்த வாரம் வந்திருக்கவேண்டும்.

"அவ கேப்பா, பெரியவங்க எத்தன நாள் சாப்பாட்ட விட்டாங்கன்னு. மூணு நாள்னு சொல்லுங்க. பொய்தான், பாவத்த என் தலையில போட்டுக்கறேன். மூஞ்சியக் கொஞ்சம் சோகமா வச்சுக்கங்க. அந்தச் சிரிப்பு வேணாம். தண்ணி குடுக்கவே குடுக்காதீங்க."

"சரி."

"எம்மேல ஆணையாச் சொல்லுங்க."

"உம்மேல ஆணை."

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அதே நெர்மீன் வந்தாள். பத்தூல் அடுப்படியில் கடைசிக் கிஸ்ராவை உரித்துக்கொண்டிருந்தாள். மற்றதெல்லாம் ஈரத்துணிக்கு அடியில் அடுக்காக இருந்தது. நெர்மீன் பாயில் உட்கார்ந்து சுற்றிப் பார்த்தாள். வெறும் சுவர். பிறகு அவள் கண் அலமாரி உச்சிக்குப் போய் நின்றது. இஹ்சானும் அப்போதுதான் அதைக் கவனித்தாள். ஐந்து பூப்போட்ட பீங்கான் தட்டுகள்! நாலு நாள் வேர்வையும் வீண் என்று அவள் முகம் செத்துவிட்டது.

"அந்தத் தட்டெல்லாம் உங்களுதாம்மா? போன தடவ படத்துலயும் இருந்திச்சு."

"எங்களுது இல்ல மகளே. அன்னிக்கு நீ வர்றேன்னு அக்கம்பக்கத்துல குடுத்தனுப்பினது. சாப்பாடும் அவங்களுது, சோபாவும் அவங்களுது. தட்ட வெறுசாக் குடுக்க முடியாதுல்ல. போட்டுக் குடுக்க ஒண்ணும் அமையல. அதான் எட்டு மாசமா இங்கயே கெடக்கு."

நெர்மீன் பலகையில் விரலை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தாள். அவள் பலகையில் இதற்கென்று கட்டம் எதுவும் இருந்திருக்காது. பிறகு பழைய கேள்விகளை முதலிலிருந்து ஆரம்பித்தாள். வாடகை, மருந்து, பள்ளிக்கூடம். எல்லாவற்றுக்கும் பத்தூல் உள்ளது உள்ளபடி சொன்னாள். கடைசியில் அந்தக் கேள்வி வந்தது.

"போன ஏழு நாள்ல, பெரியவங்க யாராச்சும் தன் சாப்பாட்ட விட்டுட்டு மத்தவங்களுக்குக் குடுத்த நாள் எத்தன?"

இஹ்சான் மூன்று விரலைத் தன் மடியில் விரித்து வைத்துக்கொண்டாள்.

"ஏழு" என்றாள் பத்தூல்.

இஹ்சான் விரல்களை மடக்கிக்கொண்டாள். இவ்வளவு பெரிய பொய்யை யார் நம்புவார்கள்? நெர்மீனும் நம்பவில்லை என்பது அவள் புருவத்தில் தெரிந்தது.

"போன தடவ ஒரு நாளும் இல்லன்னு சொன்னீங்க. இங்கயே தினம் இத்தன கிஸ்ரா சுடுறீங்க. அதுலருந்து ஒண்ணுகூடச் சாப்பிடுறதில்லையா?"

இஹ்சான் முந்திக்கொண்டாள். எப்படியாவது பொய்யை ஒட்டுப்போட்டு நிமிர்த்தவேண்டும். "அது கடைக்காரரோட மாவு, தங்கச்சி. நல்லதெல்லாம் எண்ணி வாங்கிட்டுப் போயிருவாரு. கிழிஞ்சது கெடந்தா மட்டும் அண்ணி எடுத்துக்குவாங்க. தினமும் நாலஞ்சு கிழியும், பாவம், அவங்க கை அப்படி."

பத்தூல் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். விரலிடுக்கில் மாவு காய்ந்திருந்தது. அதை நகத்தால் சுரண்டினாள்.

"என் கிஸ்ரா கிழிஞ்சதே இல்ல மகளே" என்றாள். "வாக்கப்பட்ட நாள்லருந்து ஒண்ணுகூடக் கிழிஞ்சதில்ல. அறுபதுக்குத்தான் மாவு குடுக்குறாரு, அறுபதுதான் வரும்."

 ரிமாஸ் யாரோ என்னவோ சொல்லிவிட்டதுபோல் எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது.

"எப்பலருந்தும்மா இப்படி?" என்று நெர்மீன் கேட்டாள்.

"போன வருசக் குளிர்ல இவ மயக்கம் போட்டு விழுந்தா, அப்பலருந்து. முழுப் பட்டினி இல்ல. காலையில ரொட்டி இருக்கும். இந்தப் புள்ள மீதி வச்சா அதுவும் உண்டு."

நெர்மீன் எழுதினாள்.  அவள் எழுந்து செருப்பு மாட்டும்போது பத்தூலின் கை தன்னையறியாமல் தண்ணீர்க் கூஜா பக்கம் போய், ஆணை நினைவுக்கு வந்து, மடங்கிக்கொண்டது. விருந்தாளி இரண்டாம் தடவையும் வாய் நனைக்காமல் படி இறங்கிப் போனாள். பத்தூல் அவள் சந்து முனை திரும்பும்வரை வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்தாள்.

இஹ்சான் பாயிலிருந்து எழுந்திருக்கவில்லை. சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள்.

"உங்க கையப் பத்தி நான் என்னல்லாம் பேசினேன் அண்ணி. இந்த மாடிப்படி பூரா பேசினேன். ஒரு நாளாச்சும் வாயத் தொறந்தீங்களா?"

"தொறந்தா நீ சாப்பிட்டிருப்பியா?"

"எங்கண்ணன் பேரச் சொல்லிக்கூடக் குத்தினேனே…"

"குத்திட்டுப் போ. உங்கண்ணனுக்கு என் கையத் தெரியும்."

இஹ்சான் மூக்கைச் சிந்திக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். ஈரத்துணியை விலக்கி, மேலாக இருந்த கிஸ்ராவை எடுத்தாள். ஓட்டை இல்லை, ஓரம் முறியவில்லை, அந்தப்பக்கம் நிற்கும் ரிமாஸின் முகம் தெரிகிற மெல்லிசு. பத்தூல் பதறிவிட்டாள்.

"ஏய், அது கடைக்கு! எண்ணி வச்சிருக்கேன்."

இஹ்சான் அதை இரண்டு கையாலும் பிடித்து நடுவில் கிழித்தாள். இரண்டு துண்டையும் தட்டில் போட்டு, இருந்த பருப்பை மேலே ஊற்றி, பத்தூலின் முன்னால் வைத்தாள்.

"கிழிஞ்சு போச்சு அண்ணி. சாப்பிடுங்க. நான் பாத்துட்டு ஒக்காந்திருப்பேன்."

பத்தூல் சாப்பிட்டாள். பாதியில் தட்டைத் தள்ளினாள். இஹ்சான் விடவில்லை.

பணம் கிடைத்ததா என்று கேட்பவர்களுக்கு: கிடைத்தது. அடுத்த மாதக் கடைசியில் செய்தி வந்தது. வாடகையில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான், என்றாலும் வீட்டுக்காரர் சாமானில் கைவைக்கவில்லை. முதல் மாதம் தபால் ஆபீஸிலிருந்து வருகிற வழியில் பத்தூல் ஒரு கிலோ ஆட்டுக்கறி வாங்கினாள். வாடகைக்குப் பத்தாது என்று இஹ்சான் கத்தக் கத்த ஐந்து தட்டையும் நிரப்பி மாடி ஏற்றிவிட்டு வந்தாள். அவாதிஃப் தட்டை வாங்கிக்கொண்டு, இவ்வளவு நாள் ஏன் குனிந்தே போனாய் என்று கேட்டு ஒரு மணி நேரம் திட்டினாள்.

நேர்காணலுக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. கிஸ்ரா தினமும் கடைக்குப் போகிறது. இஹ்சான் அந்த ஒன்றைக் கிழித்த அன்றைக்கே கடைக்காரர் எண்ணிப் பார்த்துவிட்டு, என்ன அக்கா ஐம்பத்தொன்பதுதான் இருக்கு என்றார்.

"ஒண்ணு கிழிஞ்சிருச்சு" என்றாள் பத்தூல். "கூலியில கழிச்சுக்கங்க. இனிமே தினமும் ஒண்ணு கிழியும்."